157 கோடி நாள் கணக்கு

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலருகே நின்று வடக்கே பார்த்தால், மூடுபனி விலகிய நாளில், பழனி மலைக்கோயில் கீழே சமவெளியில் ஒரு சிறு குன்றாகத் தெரியும். குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் பெயர் தந்த நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை திரளாகப் பூக்கிறது. இடை ஆண்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும் புதர்களை விட்டுவிடுவோம். சரிவு முழுக்க நிறம் மாறிய ஆண்டுகள் என்றால் 1982, 1994, 2006, 2018. தமிழ் ஆண்டுப் பெயர்களில் இவை துந்துபி, பவ, விய, விளம்பி. அடுத்து எதிர்பார்க்கப்படும் 2030-இன் பெயர் சாதாரண. அதற்கடுத்த 2042 மறுபடியும் துந்துபி. பிரபவ தொடங்கி அட்சய வரை அறுபது பெயர்கள் வரிசையில் நிற்க, குறிஞ்சி ஐந்தே வீடுகளுக்குத்தான் விருந்து வருகிறது. மற்ற ஐம்பத்தைந்து பெயர்கள் செய்த பாவம் என்ன?

பாவம் ஒன்றும் இல்லை. 12 என்ற எண் 60-ஐ மீதியின்றி வகுக்கிறது, அவ்வளவுதான். 60-இல் ஐந்து பன்னிரண்டுகள் இருப்பதால் ஐந்து பெயர்கள். செடி 13 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதாக இருந்தால் 13-க்கும் 60-க்கும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. அப்போது அது அறுபது பெயர்களையும் ஒன்று விடாமல் தொட்டுவிட்டு, 780 ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்கிய பெயருக்குத் திரும்பும். பூவின் இயல்பிலோ பெயரின் இயல்பிலோ இந்த வேறுபாடு இல்லை. இரண்டு எண்களுக்கு நடுவே பொதுவான காரணி இருக்கிறதா என்ற ஒரே கேள்வியில் அடங்கியிருக்கிறது. இந்தச் சின்னக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டால், பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தில் நம்மை மிரட்டும் பெரிய எண்களுக்குள்ளும் நுழைந்துவிடலாம்.

கலியுகம் 4,32,000 ஆண்டு, நான்கு யுகமும் சேர்ந்த மகாயுகம் 43,20,000 ஆண்டு என்று அங்கே அச்சிட்டிருக்கும். படிப்பவர்களில் ஒரு சாரார் நம் முன்னோர் எவ்வளவு பெரிதாகச் சிந்தித்தார்கள் என்று மகிழ்வார்கள். இன்னொரு சாரார் கட்டுக்கதைக்கு அளவேது என்று பக்கத்தைப் புரட்டுவார்கள். இரண்டு பேருமே அந்த எண்ணின் பருமனைப் பார்க்கிறார்களே தவிர, அதற்கு என்ன வேலை என்று கேட்பதில்லை. வானியலார் கையில் இந்தப் பெரிய முழு எண்ணின் வேலை ஒரு பின்னத்தைச் சுமப்பது. ஆண்டு என்பது முழு நாட்களில் அடங்காது. 365 நாளும் கொஞ்சமும். அந்தக் ‘கொஞ்சத்தை’ உடைசல் இல்லாமல் எழுதி வைக்கக் கண்டுபிடித்த வழிதான் மகாயுகம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்த உத்தி தமிழ்க் கடைக்காரர்களுக்குப் புதிதல்ல. பழைய கணக்கில் முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. ஏன் 320? அரை என்றால் 160 முந்திரி, கால் 80, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4. வழக்கத்தில் இருந்த பின்னங்கள் எல்லாமே முந்திரிக் கணக்கில் முழு எண்களாகிவிடுகின்றன. அரையும் மாவும் காணியும் கூட்டு என்றால் தலை சுற்றும். 160-உம் 16-உம் 4-உம் கூட்டு என்றால் 180 என்று குழந்தையும் சொல்லும். பின்னத்தை ஒழிக்க வேண்டுமா, அளவைச் சிறிதாக்கு. காலக் கணக்கில் மட்டும் இதைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. நாள் என்பது சூரியன் எழுதிக் கொடுத்த அலகு. அதை நறுக்கலாம் என்றாலும், நறுக்கிய துண்டுகளை எண்ணிக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது? ஆகவே நாளைச் சிறிதாக்குவதற்குப் பதில் ஆண்டுகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்தார்கள், கட்டுக்குள் நாட்கள் முழு எண்ணாக வந்து உட்காரும் வரை.

கி.பி. 499-ஐத் தன் கணக்கின் மைல்கல்லாக வைத்த ஆரியபட்டர், அப்போது கலியில் 3,600 ஆண்டு கழிந்திருந்தது, தனக்கு வயது 23 என்று எழுதியிருக்கிறார். ஒரு மகாயுகத்தில் சூரியன் 43,20,000 சுற்று என்றும், பூமி தன்னைத்தானே 158,22,37,500 முறை சுழல்கிறது என்றும் அவர் கொடுக்கிறார். இரண்டாவது எண் நாட்களின் எண்ணிக்கை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பழனியில் கிரிவீதியைச் சுற்றும் பக்தர், மலை எப்போதும் தன் வலக்கை பக்கமே இருக்கும்படி நடக்கிறார். ஒரு சுற்று முடியும்போது மலையைப் பொறுத்தவரை அவர் திரும்பவே இல்லை. ஆனால் திசைகளைப் பொறுத்தவரை கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று ஒரு முழுத் திருப்பம் திரும்பியிருக்கிறார். பூமியும் அப்படித்தான். சூரியனைப் பொறுத்து எண்ணினால் கிடைப்பது நாள். விண்மீன்களைப் பொறுத்து எண்ணினால் கிடைப்பது சுழற்சி. ஆண்டுக்கு ஒரு சுழற்சி கூடுதலாக வரும். ஆகவே 158,22,37,500-இலிருந்து 43,20,000-ஐக் கழித்தால் மகாயுகத்தின் நாட்கள் கிடைக்கும்: 157,79,17,500. நம் கதாநாயக எண் இதுதான்.

இந்தப் பத்திலக்க எண்ணைக் காரணிப்படுத்திப் பார்ப்போம். கடைசியில் இரண்டு சுழி இருப்பதால் 100-ஆல் வகுபடும் என்பது கண்ணுக்கே தெரியும். தொடர்ந்து வகுத்துப் போனால் 7,500 என்ற பங்கு கழன்று வந்து, 2,10,389 என்ற எண் மிஞ்சும். ஆண்டு எண்ணான 43,20,000-உம் 7,500-ஆல் வகுபடும்; ஈவு 576. இரண்டையும் மீதியின்றி வகுக்கும் எண்களில் மிகப் பெரியது, பள்ளியில் மீப்பெரு பொதுக் காரணி என்று படித்தோமே, அது இங்கே 7,500. அப்படியானால் 43 லட்சம் ஆண்டு, 157 கோடி நாள் என்ற பிரம்மாண்டமான கூற்றைச் சுருக்கினால் வருவது இவ்வளவுதான்: 576 ஆண்டுகளில் 2,10,389 நாட்கள். ஆண்டுக்கு 365 நாளும், ஒரு நாளை 576 பங்காக்கினால் அதில் 149 பங்கும். நாழிகையில் சொன்னால் 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. மணிக்கணக்கில் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. வாக்கியப் பஞ்சாங்கம் கணிப்பவர்கள் இன்றும் கையாளும் ஆண்டு இதுவே.

மிஞ்சிய 2,10,389 மேலும் உடையும். அது 61-ஐ 3,449-ஆல் பெருக்கியது. இரண்டும் பகா எண்கள். உடனே 61-ஐ அறுபதாண்டுச் சுற்றோடு முடிச்சுப் போட்டு, ஒன்று கூடுதலாக இருப்பதற்குத் தத்துவம் சொல்லும் ஆசை சிலருக்கு எழலாம். வேண்டாம். ஆண்டின் நீளத்தை எங்கே வெட்டி முழுமையாக்கினார்கள் என்பதன் எச்சம் அது. வானத்தில் 61-க்குப் பொருள் ஏதும் கிடையாது. பெரிய எண்களின் காரணிகளில் ரகசியம் தேடுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். எந்தக் காரணி மனிதன் வைத்தது, எந்தக் காரணி தானாக விழுந்தது என்று பிரித்துப் பார்த்த பிறகே பேச வேண்டும். கிழமை மட்டும் இதில் ஒரு சுவையான விளைவைத் தருகிறது: 2,10,389-ஐ ஏழால் வகுத்தால் மீதி 4. ஆகவே 576 ஆண்டு கழித்துச் சித்திரை பிறப்பு அதே நாழிகையில் வரும், ஆனால் கிழமை நான்கு தள்ளி. நாழிகையும் கிழமையும் சேர்ந்து திரும்ப 4,032 ஆண்டு ஆகும்.

576-உம் 2,10,389-உமே போதுமென்றால் எதற்காக மகாயுகம் வரை போக வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சூரியன் ஒருவனுக்கு மட்டும் கணக்குப் போடுவதாக இருந்தால் போக வேண்டியதே இல்லை. சந்திரனுக்கு மகாயுகத்தில் 5,77,53,336 சுற்று, செவ்வாய்க்கு 22,96,824, வியாழனுக்கு 3,64,224, சனிக்கு 1,46,564. ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்னம். எல்லாப் பின்னங்களுக்கும் ஒரே கீழெண் வேண்டும். அரைக்கும் மாவுக்கும் காணிக்கும் பொதுவாக 320 வந்தது போல, கிரகங்களுக்குப் பொதுவாக வந்தது 43,20,000. அந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. அது 60-ஐ மூன்று முறை பெருக்கி, அதை இருபது மடங்காக்கியது. 180 வகுஎண்கள் கொண்டது. நாழிகையையும் விநாழிகையையும் அறுபது அறுபதாக எண்ணிப் பழகியவர்களுக்கு இதைவிட இணக்கமான எண் கிடைப்பது கடினம். அறுபதின் வழியே எண்ணிய பாபிலோனிலும் 4,32,000 ஆண்டு என்ற தொகை வழங்கியது. பெரோசஸ் என்ற பாபிலோனியப் பூசாரி பிரளயத்துக்கு முந்தைய மன்னர்களின் ஆட்சிக் காலமாக அதைச் சொல்கிறார். எண் எங்கிருந்து எங்கே போனது என்ற வழக்கு இங்கே நமக்குத் தேவையில்லை. புராணம் அந்த எண்ணைப் புனிதமாக்கியது. வானியலார் அதற்கு வேலை கொடுத்தார்கள்.

அந்தக் கிரக எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இன்னொன்று பிடிபடும். கடைசி இரண்டு இலக்கங்கள் 36, 24, 24, 64. எல்லாமே நான்கால் வகுபடும். தற்செயலாக நான்குமே அப்படி அமைய வாய்ப்பு 256-இல் ஒன்று. தற்செயலும் இல்லை. ஆரியபட்டர் மகாயுகத்தை 10,80,000 ஆண்டு கொண்ட நான்கு சம பாகங்களாகப் பிரித்தார் (இதற்காகப் பிரம்மகுப்தர் 628-இல் அவரைக் கடிந்துகொண்டார்). கலி என்பது நான்காம் பாகம். மூன்று பாகம் முடிந்து கலி பிறக்கும் நொடியில் எல்லாக் கிரகமும் மேடத்தின் தொடக்கத்திலேயே நிற்க வேண்டும் என்றால், ஒவ்வொன்றும் முக்கால் மகாயுகத்தில் முழுச் சுற்றுகளை முடித்திருக்க வேண்டும். அதற்குச் சுற்று எண் நான்கால் வகுபட்டாக வேண்டும். சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவில் இருக்கும் உச்சப் புள்ளிக்கு மட்டும் 4,88,219 என்று ஒற்றைப்படை எண்ணைக் கொடுத்திருக்கிறார். அதன் முக்கால் பங்கைக் கணக்கிட்டால் கால் சுற்று மிஞ்சும். கலியின் தொடக்கத்தில் உச்சம் 90 பாகையில் நின்றது என்று அவர் கொள்வதும் அதனால்தான்.

இந்த வகுபடும் தன்மை ஒரு பழைய வழக்கையும் தீர்க்கிறது. கி.மு. 3102 பிப்ரவரி 18 அன்று கலி பிறந்தது என்பது கணக்கு. புதுச்சேரியில் 18-ஆம் நூற்றாண்டில் தங்கியிருந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜான்டீல் தமிழ்க் கணிப்பாளர்களிடம் கற்ற முறையைப் பாரிசுக்குக் கொண்டுபோனார். அதைப் பார்த்த பிரெஞ்சு வானியலார் பாயி, கி.மு. 3102-இல் இந்தியர்கள் உண்மையிலேயே வானத்தை அளந்திருக்கிறார்கள் என்று 1787-இல் தடித்த நூல் எழுதினார். கணிதவியலார் லாப்லாஸ் ஒப்பவில்லை. இன்றைய கணிப்பின்படி அந்த நாளில் கிரகங்கள் ஒரே புள்ளியில் கூடியிருக்கவில்லை. கண்டு எழுதியவர்கள் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். தங்கள் காலத்தில் கண்ட நிலைகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, சுற்று எண்களை நான்கின் மடங்குகளாகத் தட்டிச் சீராக்கி, பூச்சியத்தில் தொடங்குவதற்கு வசதியான ஒரு நாளைத் தேர்ந்தவர்கள்தான் இப்படி எழுதுவார்கள். கடைக்காரர் புதுக்கணக்கைப் பூச்சிய இருப்பில் தொடங்குவது போன்ற ஏற்பாடு. அதனால் மதிப்புக் குறைவில்லை. ஆனால் அது சாட்சியம் அல்ல.

இன்னொரு பெருமையையும் இங்கே உரசிப் பார்த்துவிடலாம். 157,79,17,500-ஐ 158,22,37,500-ஆல் வகுத்து மணியாக்கினால் பூமியின் ஒரு சுழற்சி 23 மணி 56 நிமிடம் 4.1 விநாடி என்று வரும். இன்றைய அளவும் அதுவே. மேடைகளில் இதைச் சொல்லும்போது கைதட்டல் கிடைக்கும். ஆனால் இது கடினமான சாதனை அல்ல என்பதை எண்களே சொல்கின்றன. ஆண்டின் நீளத்தில் ஒரு மணி நேரம் பிழை செய்தவர்கூட, அந்தப் பிழை 366 சுழற்சிகளுக்குள் இருமுறை பங்கிடப்பட்டுக் கரைந்துவிடுவதால், சுழற்சிக் காலத்தில் ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்குக்கு மேல் தவற மாட்டார். ஆரியபட்டரின் உண்மையான தேர்வு ஆண்டின் நீளத்தில்தான் இருக்கிறது. விண்மீன்களைப் பொறுத்த ஆண்டு 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 விநாடி. அவருடையது 3 நிமிடம் 20 விநாடி அதிகம். நுட்பமான கருவிகள் இல்லாத காலத்தில் இது அரிய துல்லியம். அதே சமயம், பத்து இலக்கங்கள் இருப்பதால் பத்து இலக்கமும் சரி என்று எண்ணக் கூடாது. முதல் ஐந்து இலக்கங்களோடு வானத்தின் சம்மதம் முடிந்துவிடுகிறது. எண்ணின் நீளம் வேறு, அளவின் நுட்பம் வேறு.

பெரிய எண்ணை வைத்துக்கொண்டு அன்றாடம் எப்படிப் புழங்கினார்கள் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அழகாகப் படுகிறது. சந்திரன் ஒரே வேகத்தில் போவதில்லை. நமக்கு அருகில் வரும்போது விரைவாகவும், உச்சத்தில் மந்தமாகவும் போகிறது. அந்த வேக மாற்றம் ஒரு சுற்று முடிக்கும் காலம் தெரிந்தால் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் திதியும் நட்சத்திரமும் குறிக்கலாம். சந்திரனின் சுற்று எண்ணிலிருந்து உச்சத்தின் சுற்று எண்ணைக் கழித்தால் மகாயுகத்தில் 5,72,65,117 வேகச் சுற்றுகள். இதை வைத்து 157,79,17,500-ஐ வகுத்தால் ஈவு 27, மீதி 3,17,59,341. இனி வகுத்த எண்ணை மீதியால் வகு, வந்த மீதியால் முந்தைய மீதியை வகு, இப்படியே போ. ஈவுகள் 27, 1, 1, 4, 12 என்று வரிசையாக விழும். இந்த முறைக்கு நம் கணிதத்தில் குட்டகம் என்று பெயர், அதாவது பொடியாக்குவது. கல்லை இடித்து இடித்துச் சல்லியாக்குவது போல. இந்த ஈவுகளைத் திரும்பக் கட்டினால், பெரிய பின்னத்துக்கு மிக நெருக்கமான சின்னப் பின்னங்கள் கிடைக்கும். நான்காம் ஈவோடு நிறுத்தினால் 248 நாட்களில் 9 வேகச் சுற்று. ஐந்தாவதோடு நிறுத்தினால் 3,031 நாட்களில் 110 சுற்று.

தமிழகத்திலும் கேரளத்திலும் வானியல் மரபில் இந்த இரண்டு எண்களும் புகழ்பெற்றவை. 157 கோடிக்குப் பதில் 248 நாட்களை மனப்பாடம் செய்தால் போதும். அதன் பிறகு சந்திரன் ஏறக்குறைய பழைய நடையையே திரும்ப நடக்கும். ஒவ்வொரு நாளுக்கும் சந்திரன் கடந்த தொலைவை ஒரு சிறு வாக்கியமாக, எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்துக் கட்டிவைத்தார்கள். வரருசி பெயரில் வழங்கும் அந்த 248 வாக்கியங்களால்தான் வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே வந்தது. 1825-இல் ஜான் வாரன் என்ற அதிகாரி, புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிப்பாளர் ஒருவர் தாளும் எழுத்தாணியும் இல்லாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். தொடக்க நேரத்தில் பிழை நான்கு நிமிடமே. முடிவு நேரத்தில் ஐம்பது நிமிடத்தைத் தாண்டியது. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. சின்னப் பின்னம் மனித மூளைக்குள் அடங்கியது, அதற்கான விலையையும் கேட்டது.

இதே உத்தி பழனிக்கு மேலே மலையில் வேறு உடுப்பில் உட்கார்ந்திருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் நிறுவப்பட்டு, 1901-இல் பணியைத் தொடங்கியது. சூரியப் புள்ளிகளையும் சூரிய வளிமண்டலத்தையும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கே படமெடுத்து வைத்திருக்கிறார்கள். நூறாண்டுப் படங்களை வரிசைப்படுத்த, மாதம் முப்பதா முப்பத்தொன்றா, நெட்டாண்டா என்ற தொல்லையெல்லாம் உதவாது. வானியலார் நாட்களை ஒரே நூலில் கோத்து எண்ணுகிறார்கள், கி.மு. 4713 ஜனவரி முதல் நாள் நண்பகலில் பூச்சியம், 2000 ஜனவரி முதல் நாள் நண்பகலில் 24,51,545. ஜூலியன் நாள் எண் எனப்படும் இதை 1583-இல் ஸ்காலிஜர் என்ற அறிஞர் வகுத்த 7,980 ஆண்டுச் சுற்றின் மேல் கட்டியிருக்கிறார்கள். 28, 19, 15 என்ற மூன்று சுழல்களின் பெருக்கல் அது. மூன்றில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லாததால் பெருக்கற்பலன் முழுமையாக நிற்கிறது. குறிஞ்சியின் 12-உம் ஆண்டுப் பெயர்களின் 60-உம் போலச் சுருங்கிவிடவில்லை. அதன் பூச்சிய நாளும் யாரும் கண்ட நாளல்ல; மூன்று சுழல்களும் ஒன்றாகத் தொடங்கும்படி பின்னோக்கிக் கணக்கிட்டு வைத்ததே. நம்முடைய கலிநாள் எண்ணிக்கையும் இதே சரக்குதான். 2000 ஜனவரி முதல் தேதி பிறந்தபோது கலி தொடங்கி 18,63,079 நாள் கழிந்திருந்தது. கலி பிறந்தது வெள்ளிக்கிழமை. 18,63,079-ஐ ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. வெள்ளிக்கு அடுத்தது சனி. 2000 ஜனவரி ஒன்று சனிக்கிழமையேதான். இத்தனை நூற்றாண்டுகளில் எங்கேயாவது ஒரு நாள் தவறியிருந்தால் இந்த மீதி காட்டிக்கொடுத்திருக்கும்.

ஆய்வகத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் வேறுபாடு எண்ணுவதில் இல்லை, திருத்துவதில் இருக்கிறது. கொடைக்கானல் ஆய்வகத்தின் தாய் சென்னை வானாய்வகம். அங்கே பணியாற்றி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். வாக்கியமா திருக்கணிதமா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. மேக்நாத் சாகா தலைமையிலான நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-இல் அறிக்கை தந்தது; தேசிய நாள்காட்டி 1957 மார்ச் 22-இல் நடைமுறைக்கு வந்தது. கோயில் விழாக்கள் தம் வழியிலேயே போகின்றன. வாக்கியத்தை ஆதரிப்பவர்கள், மூன்று நிமிடப் பிழையால் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. விழா என்பது எல்லோரும் ஒரே நாளில் கூடுவதற்கு, அதற்கு ஒப்பந்தம் போதும். ஆனால் பஞ்சாங்கம் ஒப்பந்தமாக மட்டும் பேசுவதில்லையே, சூரியன் இந்த நாழிகையில் மேடத்தில் நுழைகிறான் என்று வானத்தைப் பற்றியும் பேசுகிறது. அப்படிப் பேசினால் வானத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பதிலில் பருவம்தான் பெரிய பங்கு. ஆரியபட்டர் காலத்தில் சித்திரை பிறப்பு, பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளை ஒட்டி இருந்தது. இன்று ஏப்ரல் 14. நடுவே நழுவிய சுமார் 25 நாட்களில் ஏறக்குறைய மூன்றரை நாள் மட்டுமே 157,79,17,500 என்ற எண்ணின் கைவேலை. மீதி, பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தலையாட்டுவதால் விண்மீன் ஆண்டுக்கும் பருவ ஆண்டுக்கும் விழும் இடைவெளி. அதைத் திருக்கணிதமும் திருத்துவதில்லை, திருத்த முனைவதும் இல்லை. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 23 நிமிடத்துக்கு மேல், அதாவது 60 ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள். பிரபவ முதல் அட்சய வரை ஒரு சுற்று முடியும் ஒவ்வொரு தடவையும் சித்திரை ஒரு நாள் கோடைக்குள் நகர்கிறது. சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளும் பழனியில் அக்னி நட்சத்திர விழா; கிரிவீதியை அந்த வெயிலில் சுற்றுவார்கள். அந்த விழாவும் கூடவே நகர்ந்து ஒரு காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்றுக்குள் போய் நிற்கும். எந்த முழு எண்ணைக் கொண்டு வந்தாலும் இதற்கு நிரந்தரத் தீர்வு கிடையாது. ஆண்டுக்கும் நாளுக்கும் உள்ள விகிதம் நிலையானதே அல்ல; கடல் ஓதங்களின் உராய்வால் பூமியின் சுழற்சி தளர்ந்து, நாள் நூற்றாண்டுக்கு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நீள்கிறது. எவ்வளவு பெரிய எண்ணும் ஒரு குறிப்பிட்ட காலத்துக் குறிப்புதான்.

குறிஞ்சிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அது மழையையும் வெயிலையும் பார்த்து, ஆகஸ்ட் வாக்கில் பூக்கிறது. ஏப்ரல் 14-இல் பிறக்கும் தமிழ் ஆண்டு 60 ஆண்டுக்கு ஒரு நாளாக நகர்ந்து ஆகஸ்ட் நடுவைத் தாண்ட இன்னும் 7,400 ஆண்டு போல ஆகும். அதுவரை வாக்கியக் கணக்கும் மாறாமல், செடியும் பன்னிரண்டைத் தவறவிடாமல் இருந்தால், பூ மலர்ந்து முடிந்த பிறகே புத்தாண்டு பிறக்கும். அப்போது துந்துபி, பவ, விய, விளம்பி, சாதாரண என்ற ஐந்து பெயர்களும் விடைபெற்று, அவற்றுக்கு முந்தைய துன்மதி, ஸ்ரீமுக, பார்த்திப, ஹேவிளம்பி, சௌமிய ஆகிய ஐந்தும் குறிஞ்சி ஆண்டுகளாகும்.